கவடியார் மேடா, கோவளம் கரையா? திருவனந்தபுரத்தில் வீடு தேடும் நம்மூர்க்காரர்களுக்கு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலை மாறி வருகிறவர்கள் எனக்குப் போன் போட்டால் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "அண்ணே, கவடியார் பக்கம் வீடு பார்க்கவா, கோவளம் பக்கம் பார்க்கவா?"

கவடியார் என்று அவர்கள் சொல்வது கவடியார் மட்டுமல்ல. அரண்மனையை ஒட்டிய அந்த மேடும், அதைச் சுற்றி ஏறி இறங்கும் குறவன்கோணம், சாஸ்தமங்கலம், ஜவஹர் நகர், அம்பலமுக்கு எல்லாம் அதில் சேரும். ராஜ்பவன் என்று அழைக்கப்பட்டு வந்த கவர்னர் மாளிகையும் கோல்ஃப் மைதானமும் இருக்கும் இடம். உயர்ந்த மதில், பெரிய மரம், சத்தமில்லாத தெரு, கனமான வாடகை. கோவளம் என்றால் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளமும் இல்லை, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கும் நம்மூர்க் கோவளமும் இல்லை. விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தின் அடியில் மூன்று கடற்கரைகளாகக் கிடக்கும் சுற்றுலாக் கோவளம். அங்கே சீசன் போக மிச்ச மாதங்களில் அறைகளும் வீடுகளும் சும்மா கிடக்கும். அதனால்தான் வாடகை குறைவு.

நான் முதலில் இரண்டரை வருடம் கோவளத்தில் இருந்தேன். அப்புறம் குறவன்கோணத்தில் ஒரு சரிவில் நான்கு வருடம். இரண்டு வீட்டையும் பார்த்த அன்றே பிடித்துப்போய் அட்வான்ஸ் கொடுத்தேன்; இரண்டிலும் சிக்கிக்கொண்டேன். காரணம், இரண்டையும் அது அது அழகாக இருக்கும் மாதத்தில் பார்த்தேன். கோவளம் வீட்டை டிசம்பரில் பார்த்தேன்: நீலக் கடல், இளங்காற்று. குறவன்கோணம் வீட்டை ஆகஸ்டில் பார்த்தேன்: கிணறு நிறையத் தண்ணீர், சுவரெல்லாம் பச்சை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கடலோர வீட்டை மழையில் பார்க்க வேண்டும், மேட்டு வீட்டைக் கோடையில் பார்க்க வேண்டும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்றால் அந்தக் கெட்ட மாதம் விட்டுப்போன தடயத்தைத் தேட வேண்டும். எப்படித் தேடுவது என்று கீழே சொல்கிறேன்.

முதலில் வண்டி ஓடும் வழி

வீட்டுப் படங்களைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். தினமும் எங்கே போகிறீர்கள்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கே போகிறீர்கள்?

வேலை கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் என்றால், வரைபடத்தில் கவடியார்தான் பக்கம். ஆனால் அந்த வழி பட்டம், உள்ளூர், ஸ்ரீகாரியம் என்று ஊரின் நெரிசலான சந்திப்புகளையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும். கோவளத்திலிருந்து தூரம் கூடுதல். ஆனால் திருவல்லம், ஈஞ்சக்கல், சாக்கை என்று பைபாஸ் பிடித்தால் நேராகக் கழக்கூட்டம். காலை எட்டரை மணிக்கு இரண்டு வழியிலும் போய்ப் பாருங்கள். நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது என்பது என் அனுபவம். ஒரே செலவு, திருவல்லத்தில் டோல் இருக்கிறது. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மாதப் பாஸ் உண்டு, முகவரிச் சான்று கேட்பார்கள். அதனால் வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த வாரமே அதை வாங்கிவிடுங்கள்.

வேலை செகரட்டேரியட், மெடிக்கல் காலேஜ், ஸ்ரீசித்ரா, பட்டம் கேந்திரிய வித்யாலயா இப்படி ஊருக்குள் என்றால் பேச்சே இல்லை, கவடியார் பக்கம்தான். கோவளத்திலிருந்து ஊருக்குள் இருக்கும் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்துக்கு பஸ் நிறைய உண்டு. ஆனால் அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். செகரட்டேரியட் முன்னால் சமரம் (போராட்டம்) என்றால் அந்த இரண்டாவது பஸ் எப்போது வரும் என்று பத்மநாப சாமிக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமைக் கணக்கு இதற்கு நேர் எதிர். கவடியாரிலிருந்து களியக்காவிளைக்குக் கிளம்பினால் கரமனை, பாப்பனம்கோடு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை. பாலராமபுரம் சந்திப்பில் நிற்காமல் ஊர் வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. கோவளத்திலிருந்து பைபாஸ் தெற்கே காரோடு வரை போகிறது, அதைத் தாண்டினால் நம் எல்லை. வாராவாரம் அம்மா கையால் சாப்பிடப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ரயில்காரர்களுக்குக் கோவளம் சரிப்படாது. பக்கத்து ஸ்டேஷன் என்றால் நேமம்தான். 2024-ல் அதற்குத் திருவனந்தபுரம் சவுத் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், டிக்கெட் போடும்போது பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கோவளத்தை இடவப்பாதியில் பாருங்கள்

வைகாசி பாதியில் இடவப்பாதி மழை இறங்கும். கோவளத்தின் உண்மை முகம் அப்போதுதான் தெரியும். கடல் பழுப்பாகிவிடும், கரையில் சிவப்புக் கொடி ஏறும், லைஃப்கார்டுகள் ஆளை இறங்க விடமாட்டார்கள். பாதி உணவகங்களுக்குத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருப்பார்கள். வெள்ளைக்காரர்களை நம்பி விலை எழுதிய மெனு கார்டுகள் உள்ளே போய், எட்டு மணிக்கு மேல் ஒரு சாயாக்கடை திறந்திருந்தால் அதிர்ஷ்டம். எனக்கு அந்த வெறுமை பிடித்திருந்தது. என் மனைவிக்கு மூன்றாவது வாரமே போதும் என்றாகிவிட்டது. உங்கள் வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது யாரோ, அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

உப்பைப் பற்றிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் காற்றே உப்பு. ஜன்னல் கம்பி, கேட் கீல், பிரிட்ஜின் பின்பக்கம், ஏசியின் வெளி யூனிட், பைக் செயின் என்று இரும்பு இருக்கும் இடமெல்லாம் துரு. என் லேப்டாப்பில் சார்ஜர் சொருகும் துளையே ஒரு மழைக்காலத்தில் பச்சை பிடித்துப் போனது. வீடு பார்க்கும்போது புதுப் பெயின்டைப் பார்க்காதீர்கள், அது போன வாரம் அடித்ததாக இருக்கும். மொட்டை மாடிக்கு ஏறித் துணி காயப்போடும் கம்பியைத் தொட்டுப் பாருங்கள். ஏசி வெளி யூனிட்டின் தகடு கையில் உதிர்கிறதா என்று பாருங்கள். கூரை கான்கிரீட்டில் கம்பி தெரியும்படி காரை பெயர்ந்திருந்தால் அந்த வீடு வேண்டாம். ஜன்னல் சட்டம் மரமோ யுபிவிசியோ என்றால் நல்லது.

அடுத்தது வழி. "பீச்சுக்கு ஐந்து நிமிஷம்" என்று புரோக்கர் சொல்வது பொய்யில்லை, நடந்து போனால் ஐந்து நிமிஷம்தான். லைட்ஹவுஸ் கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் பல வீடுகளுக்கு ஒற்றையடிப் பாதைதான் வழி, கார் போகாது. வாஷிங் மெஷினைத் தலையில் சுமந்துதான் கொண்டு போக வேண்டும். கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் ராத்திரி ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்று ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

தண்ணீர். கிணறு இருக்கிறது என்று காட்டுவார்கள். ஒரு வாய் குடித்துப் பாருங்கள், உப்பு கரித்தால் நாக்குக்கே தெரியும். இரும்புச் சத்து இருக்கிறதா என்று தெரிய ஒரு வெள்ளை வாளியில் பிடித்து ராத்திரி வைத்தால் காலையில் அடியில் மஞ்சள் படியும்.

கடல் உள்ளே வருமா என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை. கோவளம் பாறைக் குடா என்பதால் சங்குமுகம், வலியதுறை மாதிரி கரை அரித்துப் போவது அவ்வளவு இல்லை. ஆனால் கள்ளக்கடல் உண்டு. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்காற்று எழுப்பிய அலை, நாள் கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். இங்கே காற்றும் இருக்காது மழையும் இருக்காது, வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தெருவுக்கு வந்துவிடும். திருடன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. கரையோரம் குடியேறினால் அந்த அறிவிப்பைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது விழிஞ்ஞத்திலும் பூந்துறையிலும் நம் குமரிக் கரையிலும் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பவில்லை என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன். விழிஞ்ஞத்தில் வள்ளம் கரையேறும் நேரத்துக்குப் போனால் அயிலையும் சாளையும் துடிப்போடு கிடைக்கும். நெய்மீன் ஊர்ச் சந்தையைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறேன். ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் டிராலிங் (இழுவலைப் படகு) தடை. அப்போது சாதாரண வள்ளங்கள் மட்டும் போகும், விலை ஏறும்.

விழிஞ்ஞத்தில் வந்திருக்கும் புதுத் துறைமுகத்தையும் கணக்கில் எடுங்கள். 2024 ஜூலையில் முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் வந்தது, 2025 மே 2-ல் முறையாகத் திறந்தார்கள். அதிலிருந்து முக்கோலை, விழிஞ்ஞம் பக்கம் வீடு தேடுவது சுற்றுலாப் பயணிகள் மட்டும் இல்லை. பழைய வாடகையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள்.

கவடியாரைச் சித்திரையில் பாருங்கள்

மேட்டுத் தெருவின் பிரச்சினை தண்ணீர்தான். ஊருக்கான குடிநீர் கரமனை ஆற்றில் அருவிக்கரை அணையிலிருந்து வருகிறது. குழாயில் அழுத்தம் குறைந்தால் முதலில் வறள்வது மேட்டில் இருக்கிற வீடு, கடைசியில் தண்ணீர் திரும்பி வருவதும் அதே வீட்டுக்குத்தான். கோடையில் குழாய் வேலை என்று ஒரு நாள் நிறுத்தினால் எங்கள் சரிவின் உச்சியில் மூன்றாம் நாள்தான் வரும். கிணறு இருந்தது, ஆனால் பங்குனி கடைசியில் அடியில் வெட்டுக்கல் தெரிந்தது. வீட்டுக்காரர் எனக்கு அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கோடைக்கு முன்னால் வீடு பார்க்கிறீர்கள் என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். உறையில் தண்ணீர் இறங்கி ஏறிய கோடுகள் படிந்திருக்கும், கீழ்க்கோடு எங்கே என்று பாருங்கள். தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டு வேலைக்கார அம்மாவிடம் "வேனல்ல வெள்ளம் உண்டோ சேச்சி?" என்று கேட்டால் புரோக்கர் மறைத்தது முழுக்க வந்துவிடும். வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர். புதிதாக வருகிறவர்கள் பதற வேண்டாம்.

இரண்டாவது, வீட்டின் பின்சுவர். இந்த ஊரில் சரிவை வெட்டி இறக்கித்தான் மனை எடுத்திருக்கிறார்கள். பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரில் தண்ணீர் வெளியேறச் சின்னக் குழாய்கள் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மழையில் மண் ஊறி, சுவர் வயிறு தள்ளி நிற்கும். அப்படி உப்பிய சுவருக்கு நேர் கீழே படுக்கையறை இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஏற்றம். பஸ் கவடியார் சாலையிலும் பேரூர்க்கடை வழியிலும்தான் போகும். அங்கிருந்து உள்ளே நடக்க வேண்டும், நடப்பதில் பாதி ஏற்றம். என் அம்மா முட்டுவலியோடு வந்து பத்து நாள் இருந்தார். பதினொன்றாம் நாள், "மக்ளே, இந்த வீட்டுல இருந்தா நான் கோயிலுக்கும் போக முடியாது, கடைக்கும் போக முடியாது. என்னைய ஊர்ல கொண்டு விடு" என்றார். பத்து நாளில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடைக்காததுதான் அவருக்குப் பெரிய குறை. உயர்ந்த மதில் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் தெரிய ஓணம் வர வேண்டும். அசோசியேஷன் ஓணக் கொண்டாட்டம் வைக்கும், அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே தெரிந்தது. அமைதி வேண்டும் என்று காசு கொடுத்து வாங்குகிறீர்கள், அது இந்த அளவுக்கு வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி துலாவர்ஷத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் பிய்த்து எடுக்கும். மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் கரண்ட் போகும். மோடம், டிவி பிளக்கைப் பிடுங்கி வைக்கும் பழக்கம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. நானும் ஒரு மோடத்தைப் பறிகொடுத்த பிறகு பழகிக்கொண்டேன்.

வாடகைப் பேச்சு

ஒப்பந்தம் வழக்கம்போல 11 மாதம். கவடியார் பக்கம் அதில் பெரிய வில்லங்கம் வராது. அட்வான்ஸ் எத்தனை மாதம், பெயின்ட் செலவு யார் தலையில், அசோசியேஷன் சந்தா யார் கட்டுவது என்று எழுதி வாங்கினால் போதும்.

கோவளத்தில்தான் ஜாக்கிரதை. மே மாதம் பாதி விலைக்கு வீடு கொடுப்பவர், நவம்பர் வந்தால் அதே வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் பார்ப்பார். என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் இரண்டாவது வருடம் தீபாவளி முடிந்ததும் வந்து, "சீசன் ஆயில்லே மோனே, மூணு மாசம் வேற எங்கயாவது..." என்று இழுத்தார். ஒப்பந்தம் அவர் பக்கம் இருந்தது. நடுவில் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம் என்று நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியையும் சேர்த்து ஒரே வாடகை, இடையில் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்த வீட்டைச் சீசன் வரைக்கும்தான் உங்களுக்கு என்று நினைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

அப்படியே கரண்ட் பில்லையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஹோம்ஸ்டேயாக நடந்த வீடு என்றால் மீட்டர் வணிகக் கட்டணத்தில் இருக்கலாம், அதை வீட்டுக் கட்டணத்துக்கு மாற்றிக் கொடுத்த பிறகு குடியேறுங்கள். இன்னொன்று, நம்மூர் மாதிரி நூறு யூனிட் இலவசம் இங்கே கிடையாது. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. மாதச் சராசரி 250 யூனிட்டைத் தாண்டினால் அடுக்கடுக்கான கட்டணம் போய், மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த கட்டணம் விழும். புழுக்கத்தில் ராத்திரி பூராவும் ஏசி ஓட்டும் கோவளம் வீட்டில் அந்தக் கோட்டைத் தாண்டுவது சுலபம்.

வாங்கவே போகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. கடல்நீர் ஏறி வரும் எல்லையான ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் பிடி உண்டு. ஏற்கெனவே கட்டி நிற்கும் வீடாக இருந்தாலும் அனுமதி இருக்கிறதா என்று வக்கீலை வைத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்திலேயே பெரிய ஓட்டல் நிற்கிறதே என்பது ஒரு பதில் ஆகாது.

யாரை எங்கே அனுப்புவேன்

கல்யாணமாகாத பையன்கள், வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்கள், வாராவாரம் ஊர் போகிறவர்கள் என்றால் கோவளம். ஆனால் கரையை ஒட்டி வேண்டாம், பைபாஸ் பக்கமாக, கார் வாசல்வரை வரும் வீடாகப் பாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் அடிக்கடி ஆஸ்பத்திரி போகும் பெரியவரும் இருக்கும் குடும்பம் என்றால் கவடியார் பக்கம். அதிலும் உச்சியில் வேண்டாம், சரிவின் பாதிக்குக் கீழே பாருங்கள். பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புவரை மலையாளப் பாடம் இருக்கும், அதற்கு 2017-ல் சட்டமே வந்தது. பயப்பட வேண்டாம், நம் பிள்ளைகள் ஆறு மாதத்தில் நம்மைத் திருத்தும் அளவுக்கு வந்துவிடுவார்கள்.

இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் கரமனை, வலியசாலை, சாலை பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். சாலைக் கடைத்தெருவில் தமிழ் கேட்காமல் பத்து அடி நடக்க முடியாது. முறுக்கு அச்சிலிருந்து இட்லி அரிசிவரை எல்லாம் கிடைக்கும். வலியசாலையில் இருக்கும் காந்தளூர்க் கோயிலைத்தான் ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே நம்மாட்கள் இந்தப் பக்கம் வந்து வேலை காட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. கடலும் இல்லை, மேடும் இல்லை, ஆனால் வீட்டு வாசலில் பஸ்.

சாமான் இறக்கும் நாள்

லாரி வந்து நின்றதும் சுமைத் தொழிலாளர்கள் வந்து கேட்பார்கள். வேலை கொடுத்தால் கூலி கொடுங்கள், கூலியை முன்னாடியே பேசிவிடுங்கள். சும்மா நின்று பார்த்ததற்குக் கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசே நிறுத்திவிட்டது. யாராவது கேட்டால் சண்டைக்குப் போகாமல் லேபர் ஆபீசில் சொன்னால் போதும்.

குப்பைக்கு லாரி வரும் என்று காத்திருக்காதீர்கள். விளப்பில்சாலை குப்பை ஆலை 2011 கடைசியில் மூடியதிலிருந்து சமையல் கழிவு அவரவர் வீட்டுப் பாடு. உரமாக்கும் தொட்டி வீட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். பிளாஸ்டிக்கை ஹரிதகர்மசேனைப் பெண்கள் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போவார்கள், கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டு நம்பர் வண்டியைத் தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டினால் பதிவை மாற்ற வேண்டும். நம்மூர் ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்குவதற்கே நாள் பிடிக்கும், பத்தாவது மாதத்தில் ஆரம்பித்துவிடுங்கள்.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு ஆற்றுகால் பொங்காலை என்றைக்கு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்தில் வரும். அன்றைக்கு ஊர்த் தெருவெல்லாம் அடுப்பு. முந்தின நாள் சாயங்காலமே செங்கல் வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். உங்கள் லாரி கிள்ளிப்பாலம் தாண்டாது.